அளவு வளையல்

எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரில் கையால் செய்த நகை ஏதாவது வாங்காமல் நான் திரும்பியதில்லை. தங்கம், வெள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை. ராமநாதபுரம் பக்கம் போனபோது பனையோலைத் தோடு, ஹைதராபாத்தில் அரக்கு வளையல், புதுச்சேரியில் சுடுமண் மாலை. ஒன்றுகூட எனக்காக இல்லை. மகளுக்கு, நாத்தனாருக்கு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, கேட்காத இன்னும் பலருக்கு. வாங்கிய நிமிஷமே கவலை தொற்றிக்கொள்ளும். பிடிக்குமா, நிறம் ஒத்துப்போகுமா, ஒருத்திக்குக் கொடுத்தது இன்னொருத்தியுடையதைவிடச் சின்னதாகத் தெரியுமா, காது புண்ணாகுமா. ஊர் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் பாதி இதிலேயே போய்விடும். "அம்மா டூர் போனா நமக்குத்தான் டென்ஷன்" என்பாள் என் மகள்.

கவலைப்படுவது எனக்கு ஒரு வேலை மாதிரி. லீவு கிடையாது. மகள் வேலை கிடைத்துத் தனியாக இருந்த நாட்களில் ஒரு மாலை அவள் போனை எடுக்கவில்லை என்று அடுக்குமாடிக் காவலாளியை அனுப்பிக் கதவைத் தட்டவைத்தேன். அவள் சினிமாவுக்குப் போயிருந்தாள். முகத்தில் வந்த ஒரு பருவுக்காக அவளை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்ததும் உண்டு. அதனால் அவள் உண்டானதும் எனக்கு ஒரு சட்டம் போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு போன், அதுவும் சாயந்திரம்தான். என் கணவர் அந்தச் சட்டத்துக்குக் கை தட்டினார்.

மகள் வேலூரில் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு லேப்டாப்பிலேயே ஆபீஸ் வேலை பார்த்து வந்தாள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த பிறகுதான் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவோம். அதுவரை அவள் அவர்கள் பொறுப்பு. பெண்ணைப் பெற்றவள் அடிக்கடி போன் செய்து "நல்லா இருக்காளா" என்று கேட்டால், "எங்க வீட்ல நல்லா பாத்துக்கலையா" என்று அந்தப் பக்கம் அர்த்தமாகும். என் சம்பந்தியம்மா அதிகம் பேசாதவர். நிச்சயதார்த்தத்தின்போது நான் ஆசையாகக் கொடுத்த சுடுமண் மாலையைக் கையில் வாங்கிப் பார்த்து "பரவாயில்லைங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடியே எனக்கு ஆறு மாதம் ஓடியது.

வளைகாப்புக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் களம்பூரில் என் கணவருடைய சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம். தாம்பரத்திலிருந்து போய்க் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, மறுநாள் காலையில் ஆரணிக்குப் பஸ் ஏறினோம். மகளுக்கு வளைகாப்புப் பட்டு எடுக்க வேண்டும். சேலை எடுப்பதில் என் கணவருக்கு என்னைவிட ஆர்வம். கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பார்டர், புட்டா, எடை என்று அவர் பேசுவதைக் கேட்டுக் கடைக்காரர் இரண்டாவது காப்பி வரவழைப்பார். நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மடித்து வைக்கும் பெண் சொன்னாள், பின் தெருவில் ஒரு வீட்டில் பட்டு நூலில் வளையல் செய்கிறார்கள் என்று. எனக்கு அது போதாதா?

அந்தத் தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். வளையல்காரப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். புருஷன் பின்கட்டில் தறி ஓட்ட, அவள் முன் அறையில் தறிக்குப் போய் மிஞ்சிய நூலை வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். சாதாரண பிளாஸ்டிக் வளையலில் பசை தடவி, பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே மணியும் கல்லும் ஒட்டுவாள். போன் ஒரு ஸ்டாண்டில் நின்றது. வெளியூர் ஆர்டர்கள் அதில் வந்து விழுந்துகொண்டே இருந்தன. கையில் வாங்கிப் பார்த்தேன். அரக்கு நிறமும் பச்சையும் மாறி மாறி ஓடிய ஒரு ஜோடியைக் கீழே வைக்க மனசு வரவில்லை. வளைகாப்புக்கு வருகிற பெண்களுக்குக் கொடுக்கக் கலந்து கொஞ்சம், மகளுக்கென்று தனியாக ஒரு செட் என்று சொன்னேன்.

"பொண்ணு கை அளவு இன்னாங்க?"

"ரெண்டு நாலு" என்றேன், யோசிக்காமல். காலேஜ் நாளிலிருந்து அவளுக்கு அதே அளவுதான். எனக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு.

"அது எப்போ எடுத்த அளவு? வளகாப்பு ஆர்டர்னா நான் இன்னிக்கு அளவுதாங்க எடுப்பேன். ஒருக்கா பழைய அளவ நம்பி பண்ணிக் குடுத்துட்டேன். சபையில பொண்ணு கையில ஏறல. எண்ணெய போட்டுத் தள்றாங்க, நூலு பிரிஞ்சி போச்சி. அந்தம்மா இன்னிக்கும் என்னைத் திட்டிகினு இருக்காங்க."

அவள் சொல்வது நியாயம்தான். வளைகாப்பு அன்று போட்ட வளையலைப் பிரசவம் வரை கழற்றக் கூடாது. ஏறாவிட்டாலும், இறுகிப் போய் வெட்ட வேண்டி வந்தாலும் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். சட்டத்தை மீற ஒரு நல்ல காரணம் கிடைத்த சந்தோஷத்தில் மகளுக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்தாள். தினமும் போட்டிருக்கிற வளையலைக் கழற்றி, ஸ்கேலில் வைத்து போட்டோ அனுப்பச் சொன்னேன்.

போட்டோ வந்தது. வளையல் கையிலேயே இருந்தது. பக்கத்தில் ஸ்கேல். கீழே எழுதியிருந்தாள்: "கழட்ட வரல. சோப் போட்டும் பாத்தேன். ஒரு சைஸ் பெருசா சொல்லிடு."

அந்தக் கையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் மகளுக்கு நீளமான எலும்பு விரல்கள். சின்ன வயதில் முருங்கைக்காய் விரல் என்று கேலி செய்வோம். போட்டோவில் இருந்த கையில் முட்டிகளே இல்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. வளையல் மணிக்கட்டில் பதிந்திருந்தது. கல்யாண மோதிரத்தைக் காணோம். போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மறுபடி போன் செய்தேன். தறிச் சத்தத்தில் அவள் சொல்வது சரியாகக் கேட்கவில்லை, நான் சொல்வது அவளுக்கும் கேட்கவில்லை. நான் கத்த, சட்டென்று கரண்ட் போயிற்று. தெருவில் இருந்த எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன. "தலை வலிக்குதா? எத்தன நாளாடி?" என்ற என் குரல் மட்டும் தெருக்கோடி வரை போனது.

"மா, கத்தாத. ரெண்டு மூணு நாளா லேசா இருக்கு. ஸ்கிரீன பாத்துகினே இருந்தா வலிக்காதா? மோதிரம் போன வாரமே டைட்டா இருந்துச்சி, கழட்டி வெச்சிட்டேன். வெள்ளிக்கிழம டாக்டர்கிட்ட போறேன் இல்ல."

"அத்தகிட்ட சொன்னியா?"

"இதெல்லாம் போய் சொல்லுவாங்களா? நீ அத்தைக்கு போன் பண்ணாத. ப்ராமிஸ் பண்ணு."

செய்தேன். வேறு என்ன செய்ய?

வளையல்காரியின் மாமியார் எட்டிப் பார்த்து, ஏழாம் மாதத்தில் கை வீங்காமல் என்ன செய்யும் என்றார். எதிர் வீட்டுப் பெண் தனக்குக் கால் யானைக்கால் மாதிரி வீங்கியதையும், பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததையும் சொன்னாள். வளையல்காரி, "ரெண்டு எட்டு போட்றட்டுமா, ஜல்தி சொல்லுங்கம்மா, நூலு பிரிக்கணும்" என்றாள். எல்லாரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. பொய்க் கவலை எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனை வருஷப் பழக்கம்! அது சுற்றிச் சுற்றி வரும், பேச்சு கொடுத்தால் நகரும். இது நகரவில்லை.

அவளிடம் ஒரு கம்பியில் கோத்த வெறும் வளையல்கள் இருந்தன, ஒவ்வொரு அளவுக்கும் ஒன்று. வருகிறவர்கள் கையில் போட்டுப் பார்க்கும் அளவு வளையல். அதைக் கொடு, வேலூர் போய் அளவெடுத்து வருகிறேன் என்றேன்.

"ஐயோ, அது இல்லாட்டி என் வேல ஓடாதுங்க!"

"எங்க வீட்டுக்காரரு முன்னாடி தெருவுல சேலைக் கடையில இருக்காரு. நான் வர்ற வரைக்கும் அவர வெச்சிக்க."

சிரித்துவிட்டாள். கொடுத்தும்விட்டாள்.

கணவர் நான்கு சேலைகளை விரித்துப் போட்டு நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்தார். "கர்ப்பிணிக் கை வீங்கும். வளையல் அளவுக்கு வேலூரா? சம்பந்தி வீட்டுக்கு சொல்லாம கொள்ளாம போவியா? ஏன் பேஜார் பண்ற?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. என்னோடு இத்தனை வருஷம் இருந்தவர் வேறு எப்படிப் பேசுவார்? சேலையை நீங்களே எடுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்தச் சந்தோஷத்திலாவது என்னைத் தடுக்காமல் இருப்பார் என்று தெரியும்.

வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அளவு வளையல்கள் மடியில் கலகலத்தன. போய் நின்று என்ன சொல்வது என்று வாக்கியங்களைக் கட்டிக் கட்டிக் கலைத்தேன். ஒன்றும் இல்லையென்றால், வளைகாப்புக்கு முன்னால் சம்பந்தி வீட்டைச் சந்தேகப்பட்டவள் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிடும். மகள் அந்த வீட்டில்தான் வாழ வேண்டும். என்னால் அவளுக்குத் தலைகுனிவு. ஏதாவது இருந்தால் என்ற பக்கத்துக்கு என் மனசு போகவே மறுத்தது. கண்ணமங்கலத்தில் மஞ்சள் புடவைக்காரர்கள் ஒரு கூட்டமாக இறங்கினார்கள், படவேட்டு அம்மன் கோயிலுக்கு. பஸ் அங்கே நின்ற நேரம் என்னால் தாங்க முடியவில்லை. கண்டக்டரிடம் எப்போது எடுப்பீர்கள் என்று இரண்டு தரம் கேட்டேன். "எடுத்துடலாம்மா, குழந்தைங்க இறங்கிகினு இருக்குது" என்றார். அந்த அம்மனை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. சம்பந்தி வீட்டுக் குலதெய்வம். ஆனாலும் கும்பிட்டேன்.

வேலூரில் இறங்கியதும், கர்ப்பிணியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஆப்பிளும் மல்லிகைப்பூவும் வாங்கினேன். பூக்காரி முழம் போடுவதற்குள் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கதவைத் திறந்த சம்பந்தியம்மா என்னை, என் கையிலிருந்த பையை, மறுபடி என்னைப் பார்த்தார். "வாங்க. ஒரு போன் பண்ணி இருக்கலாமே" என்றார்.

"ஆரணியில வளையல் சொல்லி இருக்கேங்க. இன்னிக்கு அளவு வேணும்னு ஒத்தக் காலில நிக்குது அந்தப் பொண்ணு. இவ்ளோ கிட்ட வந்துட்டோமே, நேர்ல எடுத்துகினு போய்டலாம்னு..." என்று இழுத்தேன். பஸ்ஸில் கட்டிய வாக்கியங்களில் இது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

மகள் அறையிலிருந்து வந்தாள். அவள் முறைத்த முறைப்பை நான் பொருட்படுத்தவில்லை. முகமும் கண்ணிமையும் உப்பியிருந்தன. வாரம் முழுக்க வீடியோவில் பேசியவளாயிற்றே, எப்படித் தெரியாமல் போனது? விளக்கு மங்கல் என்பாள், கேமரா மேலே பார்த்து இருக்கும். உட்காரச் சொல்லி, அவள் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கனத்தது. விரலால் அழுத்திய இடம் குழியாகி, எழுந்திருக்க நேரம் எடுத்தது.

சம்பந்தியம்மா எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு நாலைப் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. ரெண்டு ஆறு கட்டை விரல் பக்கமே நின்றது. ரெண்டு எட்டு வலித்தது. கடைசியாகக் கம்பியில் இருந்த பெரிய வளையல், ரெண்டு பத்து. பருமனான பெண்களுக்கென்று வைத்திருப்பது. அதுவும் பாதியில் சிக்கியது. "யானைக்கு வளகாப்பு" என்று மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நெற்றியைத் தேய்த்தாள், கண்ணைச் சுருக்கினாள். கண் முன்னால் பொட்டுப் பொட்டாகப் பறக்கிறது, மேல்வயிறு எரிகிறது, காலையில் சாப்பிட்ட பூரிதான் காரணம் என்றாள்.

பேசினால் குற்றம் சாட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்ற பயம் அப்போதும் என் வாயைக் கட்டியிருந்தது. சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போனார். கோபம் வந்துவிட்டது, அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் மகளுடைய ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. தோளில் பை. வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"ஆட்டோ சொல்லிட்டேன். எழுந்திரும்மா. மீட்டிங் எல்லாம் அப்புறம்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள். மறு கையிலும் பார்த்தாள். பிறகு வேகமாக நடந்து போனாள். அந்த நடையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் வந்து, பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இப்படியே விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், அம்மாவுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து என்றார். மகளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் "ரெண்டு பேரும் சேர்ந்து ஓவரா பண்றீங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தவள், கதவு மூடும்போது "அம்மா" என்றாள். அவ்வளவுதான்.

படிக்கிறவர்களைப் பதைக்கவைப்பது எனக்குப் பிடிக்காது, அந்த அவஸ்தை எனக்குத் தெரியும். அதனால் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருந்து கொடுத்து, படுக்கையிலேயே வைத்து, எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. உள்ளங்கையளவு முகம். கண்ணாடிப் பெட்டியில் கொஞ்ச நாள் இருந்து, பிறகு எங்களோடு வீட்டுக்கு வந்தாள். வளைகாப்பு நடக்கவில்லை. வருகிறவர்களுக்கென்று சொல்லியிருந்த பட்டு நூல் வளையல்களைப் பேர் வைக்கும் அன்று கொடுத்தோம்.

ஆனால் அன்று சாயந்திரம் எங்களுக்கு இது எதுவும் தெரியாது. வராந்தாவில் ஒரு இரும்பு பெஞ்சில் நானும் சம்பந்தியம்மாவும் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை சென்னையிலிருந்து கிளம்பியிருந்தார், என் கணவர் ஆரணியிலிருந்து. எனக்குள் பயத்தோடு கோபமும் சேர்ந்து கொதித்தது. ஒரே வீட்டில் தினமும் பார்க்கிறவருக்குக் கண் தெரியவில்லையா? நான் வந்து வளையல் போட்டுக் காட்ட வேண்டியிருந்ததா? கேட்டுவிடுவது என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா நானும் பாத்துகினுதான் இருந்தேங்க" என்றார். "கால் வீங்கறது சகஜம்னு நெனச்சேன். முகம் வீங்கினதும் எனக்கு பயம் வந்துடுச்சி. டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டா வெள்ளிக்கிழம போறேன் அத்தைன்றா. அதுக்கு மேல அதட்டி சொன்னா மாமியார் கொடுமன்னு ஆயிடும். உங்களுக்காச்சும் போன் பண்ணலாம்னு ரெண்டு தடவ எடுத்தேன். பொண்ண ஒழுங்கா பாத்துக்கத் துப்பில்ல, அதான் ஏழாம் மாசத்துல என்னக் கூப்புடறாங்கன்னு நீங்க நெனச்சிப்பீங்களோன்னு வெச்சிட்டேன். நீங்க அந்த வளையலோட வந்து நின்னப்போ, கடவுளேன்னு இருந்துச்சி எனக்கு."

அவர் போன் செய்திருந்தால் நான் அப்படித்தான் நினைத்திருப்பேன். சத்தியமாக.

அப்போது கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பேஷண்ட் முழிச்சிருக்காங்க. ஒருத்தர் மட்டும் வந்து பாத்துட்டுப் போங்க, ரெண்டு நிமிஷம்."

நான் எழுந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை, பை கீழே விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மா பெஞ்சில் பின்னால் சாய்ந்து, எனக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். கண் மட்டும் அந்தக் கதவிலேயே இருந்தது. மூன்று நாளாக அந்த வீட்டில் அந்தப் பயத்தோடு தனியாக இருந்தவர்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, சம்பந்தி" என்றேன்.

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. அவர் திரும்பி வந்து என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் வெளியில் நின்றேன்.